சிறு வேளாண் தொழிலுக்குக் கடன்: வங்கிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சிறிய எண்ணெய் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்த இரண்டு மாதத்துக்குள் வருஷம் முழுக்க ஆட்டுவதற்கான நிலக்கடலையை வாங்கிப் போட்டாக வேண்டும். வாங்கிய கடன் எல்லாம் மூட்டையாகக் கிடங்கில் கிடக்கும். அந்த நேரம் பார்த்து முதல் மாதத் தவணை வந்து நிற்கிறது. உரிமையாளர் என்ன செய்வார்? விலை ஏறும்வரை வைத்திருக்க வேண்டிய சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளுவார், இல்லையென்றால் கந்துவட்டிக்கு வாங்கித் தவணையைக் கட்டுவார். வங்கியின் பதிவேட்டில் அவர் நாணயமான வாடிக்கையாளர். ஆனால் ஆலை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கும்.

வளரும் நாடுகளில் இந்தக் கடன் விஷயத்தில் நடக்கும் முதல் தவறு இதுதான்: சம்பளக்காரருக்கு வகுத்த தவணையை அறுவடையை நம்பியிருக்கும் தொழிலுக்கும் மாட்டிவிடுவது. கடன் அதிகாரி பன்னிரண்டு கட்டம் போட்ட ஒரு தாளை எடுத்து, எந்த மாதம் பணம் போகிறது, எந்த மாதம் வருகிறது என்று ஆலைக்காரரோடு உட்கார்ந்து எழுதினாலே போதும். வட்டியை அவ்வப்போது வாங்கிக்கொண்டு, அசலை விற்பனை நடக்கும் மாதங்களில் வாங்கலாம்.

தாமதமும் அப்படித்தான். கொள்முதல் முடிந்தபிறகு கைக்கு வரும் கடனால் யாருக்கு என்ன பயன்? விண்ணப்பத்தைப் பருவத்துக்கு முன்பே பரிசீலித்து, எவ்வளவு வரை கடன் தரலாம் என்ற வரம்பை நிர்ணயித்துவிட வேண்டும்.

அடுத்தது, நிலப் பத்திரம் இல்லாவிட்டால் பேச்சே இல்லை என்பது. குத்தகைக்கு உழுபவர்களும், தன் பெயரில் நிலமில்லாத பெண்களும் இதிலேயே வெளியே தள்ளப்படுகிறார்கள். சரக்கு, இயந்திரம், வரவேண்டிய பாக்கி இவற்றையும் அடமானமாக ஏற்கலாம். எந்தச் சொத்து யாரிடம் அடமானம் என்று பதிந்துவைக்கும் பதிவகத்தைக் கானா 2010-லேயே தொடங்கியது. கென்யா 2017-இல் அசையும் சொத்து அடமானத்துக்குச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் மட்டும் வந்தால் போதாது. கிடங்கில் இருக்கும் மூட்டையின் தரத்தையும் எடையையும் நம்பகமாகச் சொல்ல ஆள் வேண்டும், அந்தச் சரக்கைக் காட்டிக் கடன் வாங்கக் கிடங்கு தரும் ரசீதுக்கு அப்போதுதான் மதிப்பு.

அரசுகள் நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு ஒன்று உண்டு. சிறு தொழில்களுக்கு வட்டியைக் குறைக்கிறோம் என்று உச்சவரம்பு போடுவது. கென்யா 2016 செப்டம்பரில், மத்திய வங்கி அறிவிக்கும் அடிப்படை வட்டி விகிதத்துக்கு மேல் 4 சதவீதப் புள்ளிக்கு மிகாமல்தான் கடனுக்கு வட்டி வாங்கலாம் என்றது. சிறிய கடனுக்கு ஆகும் செலவும் அபாயமும் அந்த வட்டிக்குள் அடங்கவில்லை. வங்கிகள் அரசுக் கடன் பத்திரங்கள் பக்கமும் பெரிய வாடிக்கையாளர்கள் பக்கமும் ஒதுங்கின. யாருக்காகச் சட்டம் போட்டார்களோ அவர்களே கடனுக்கு அலைந்தார்கள். 2019 நவம்பரில் அதை நீக்கிவிட்டார்கள்.

கடன் திரும்பாவிட்டால் வங்கியின் நஷ்டத்தை அரசு ஏற்றுக்கொள்ளும் கடன் உத்தரவாதத் திட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நஷ்டம் முழுவதையும் அரசே ஏற்கும் என்றால் ஆலையைப் போய்ப் பார்க்க எந்த அதிகாரி மெனக்கெடுவார்? ஒரு பங்கு நஷ்டம் வங்கியின் தலையில் இருக்கத்தான் வேண்டும். ஒரே வட்டாரத்தில் ஒரே பயிரை நம்பிய தொழில்களுக்கே எல்லாக் கடனையும் கொட்டுவதும் ஆபத்து. ஒரு வறட்சி போதும், எல்லாரும் ஒன்றாக விழுவார்கள்.

அப்புறம், அதிகம் பேசப்படாத ஒன்று. தொழிலை நன்றாகத் தெரிந்துகொண்ட அதிகாரி மாற்றலாகிப் போனதும் புதியவர் மறுபடி நிலப் பத்திரத்தில் ஆரம்பிக்கிறார். அந்தப் பன்னிரண்டு கட்டத் தாள், போன வருஷம் எந்த மாதம் எவ்வளவு வந்தது என்ற குறிப்போடு, கடன் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.