ஆபீசுக்கு ஐபி போன் வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

ஐபி போன் என்றால் டெலிபோன் லைனுக்குப் பதில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகப் பேசும் மேஜை போன். கடையில் எல்லோரும் பெரிய கலர் திரையைத்தான் காட்டுவார்கள். நீங்கள் போனைத் திருப்பிப் பின்னால் இருக்கும் லேன் போர்ட்டுகளைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு இருக்கும்: ஒன்று நெட்வொர்க் சுவிட்சிலிருந்து (ஆபீஸ் லேன் வயர்கள் வந்து சேரும் பெட்டி) வரும் வயருக்கு, இன்னொன்று கம்ப்யூட்டருக்கு. மேஜைக்கு ஒரே வயர்தான் வருகிறது என்றால் கம்ப்யூட்டரின் நெட் முழுக்க இந்தப் போன் வழியாகத்தான் போகும். அந்த போர்ட் 100 எம்பிபிஎஸ் என்றால் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) சுவிட்ச் போட்டும் பலனில்லை, சர்வரிலிருந்து பெரிய ஃபைல் எடுக்கும்போது கடுப்பாகும். பேசுவதற்கு ஜி.711 கோடெக்கிலும் (குரலை டேட்டாவாக மாற்றும் ஒரு முறை) ஒரு திசைக்கு 100 கேபிபிஎஸ் கூட வேண்டாம், அதனால் மேஜைக்கு இரண்டு வயர் இருந்தால் ஜிகாபிட் போனுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம் பி.ஓ.இ., அதாவது லேன் வயரிலேயே கரண்டும் வருவது. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மேஜை மேஜையாக பிளக் பாயின்ட் தேட வேண்டாம். சுவிட்சையும் ரூட்டரையும் ஒரு யுபிஎஸ்சில் மாட்டிவிட்டால் கரண்ட் போனாலும் போன் ஓடும். ஆனால் சுவிட்ச் வாங்கும்போது மொத்தம் எத்தனை வாட் தரும் என்று கேளுங்கள். 802.3ஏஎஃப் என்ற பி.ஓ.இ. தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரலாம், அதற்காக 24 போர்ட்டுக்கும் ஒரே நேரத்தில் அவ்வளவு கிடைக்கும் என்று அர்த்தமில்லை.

மலிவாக வரும் பழைய போன்களில் கவனம். எஸ்.ஐ.பி. என்ற பொதுவான தரத்தில் பேசும் யீலிங்க், கிராண்ட்ஸ்ட்ரீம், ஃபேன்வில் போன்ற பிராண்டுகள் ஆஸ்டரிஸ்க், 3சிஎக்ஸ் மாதிரியான ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள்களில் பொதுவாகச் சேரும். சிஸ்கோவில் பல போன்கள் அவர்களுடைய சொந்த எக்ஸ்சேஞ்ச் மென்பொருளான கால் மேனேஜருக்காகவே வருபவை; 7800, 8800 வரிசையில் மற்ற சிஸ்டத்துக்கு வேண்டுமானால் மாடல் எண்ணில் 3பிசிசி (மற்ற நிறுவன சிஸ்டத்துக்கானது என்ற குறி) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சேவை நிறுவனம் தன் சர்வருக்கென்று பூட்டிக் கொடுத்த போனும் வேண்டாம்.

எல்லோருக்கும் ஒரே மாடல் தேவையில்லை. காசைக் கொட்ட வேண்டிய இடம் ரிசெப்ஷன்: யார் லைனில் இருக்கிறார்கள் என்று விளக்கு எரிந்து காட்டும் பிஎல்எஃப் பட்டன்கள் நிறைய வேண்டும், ஒரே அழுத்தில் கால் மாற்ற வேண்டும். குடோனுக்கும் பேன்ட்ரிக்கும் இருப்பதிலேயே சாதாரணமானது போதும். நாள் முழுக்கப் பேசுகிறவர்களிடம் என்ன ஹெட்செட் இருக்கிறது, அதன் பிளக் ஆர்ஜே9-ஆ (போன் ரிசீவர் வயரில் வரும் சின்ன பிளக்) யுஎஸ்பியா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மொத்தமாக ஆர்டர் போடுவதற்கு முன் ஒன்றை மட்டும் வாங்கி உங்கள் சிஸ்டத்தில் இணைத்து, ஹோல்டில் போட்டு, வேறு எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றி, ஸ்பீக்கரில் பேசிப் பாருங்கள். ரிசெப்ஷனில் இருப்பவரே அதைச் செய்து பார்க்கட்டும்.