பல்கலைக்கழகத்தில் விமானிப் படிப்பு: சேர்வதற்கு முன்பும் சேர்ந்த பின்பும்

பி.எஸ்சி. ஏவியேஷன் பட்டம் பெற்றுவிட்டால் விமானி ஆகிவிடலாம் என்ற எண்ணத்தில் விண்ணப்பிப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். இந்தியாவில் பட்டத்தை வழங்குவது பல்கலைக்கழகம்; சம்பளம் வாங்கிக்கொண்டு விமானம் ஓட்டுவதற்கான சி.பி.எல். என்னும் வணிக விமானி உரிமத்தை வழங்குவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். உரிமம் பெறுவதற்குப் பட்டம் தேவையில்லை. பட்டம் இருப்பதனால் உரிமம் தானாக வந்துவிடவும் செய்யாது. ஆகவே திட்டத்தை உரிமத்தை மையமாக வைத்து வகுத்துக்கொண்டு, பட்டத்தை அதன் பக்கத்தில் நடக்க விடுவதே சரியான முறை.

ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங் என்பதும் வேறு துறையே. குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்ற கல்லூரிகளில் அந்தப் படிப்பு விமானத்தை வடிவமைக்கக் கற்றுத்தருகிறதே தவிர, ஓட்டக் கற்றுத்தருவதில்லை. அப்துல் கலாம் அங்கேதான் அதைப் படித்தார்; விமானப்படை விமானித் தேர்வுக்குச் சென்று, எட்டு இடங்களுக்கான போட்டியில் ஒன்பதாவதாக வந்து அந்த வாய்ப்பை இழந்தார் என்பது நம்மவர்கள் அறிந்த செய்தி.

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். வணிகவியல் போன்ற வேறு பிரிவில் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக இந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தகுதி பெறலாம். மாணவ விமானி உரிமத்தை 16 வயதிலேயே பெற முடியும், சி.பி.எல். பெற 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

கல்லூரிக்கு ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது மருத்துவப் பரிசோதனை. முதலில் இரண்டாம் வகுப்பு, அதன் பிறகு முதல் வகுப்பு என்று இது இரண்டு படிகளாக நடக்கும். இரண்டாம் வகுப்பை டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவர்களே செய்துவிடுவார்கள். முதல் வகுப்புச் சான்று இல்லாமல் சி.பி.எல். கிடையாது. கண்ணாடி அணிந்திருப்பது தடையில்லை, திருத்தப்பட்ட பார்வை உரிய அளவில் இருந்தால் போதும். நிறக்குருடு இருந்தால் வணிக விமானியாக முடியாது என்பதுதான் நடைமுறை. புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டைகளை வைத்து அதைச் சோதிப்பார்கள். இந்தக் குறை இருப்பதே தெரியாமல் பலர் வளர்ந்திருப்பதால், உள்ளூர்க் கண் மருத்துவரிடம் சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனையை முதலிலேயே செய்துகொள்வது நல்லது. இ.சி.ஜி., செவித்திறன், ரத்தம், சிறுநீர் ஆகியவையும் பார்க்கப்படும். சேர்க்கை முடிந்த பிறகு மெடிக்கலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த நிறுவனமாவது சொன்னால், அந்தப் பேச்சை ஏற்க வேண்டாம்.

அடுத்தது காகித வேலை. இது சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் தமிழ்நாட்டு மாணவர்களை அதிகம் அலைக்கழிப்பதும் இதுவே. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன் 'எஸ்' என்ற இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். டி.ஜி.சி.ஏ.வின் தேர்வுகளை எழுதுவதற்கான கம்ப்யூட்டர் எண்ணுக்கும், மருத்துவத்துக்கும், உரிமத்துக்கும் ஆவணங்களில் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்க வேண்டும். பிளஸ் டூ சான்றிதழுக்கு உண்மைத்தன்மைச் சான்றும் கேட்பார்கள் என்பதால், தேர்வு முடிவு வந்த கையோடு அதற்கு விண்ணப்பித்துவிடலாம்.

இனி, எங்கே சேர்வது? உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது. அங்கே சேர நுழைவுத் தேர்வு உண்டு, சி.பி.எல். பயிற்சியுடன் சேர்த்து பி.எஸ்சி. பட்டமும் படிக்கலாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவான ராஜீவ் காந்தி தேசிய விமானப் போக்குவரத்துப் பல்கலைக்கழகமும் அதே ஊரில்தான் உள்ளது. தனியார் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, வகுப்புகளைத் தாங்கள் நடத்திவிட்டு, பறத்தலை வேறொரு பயிற்சி நிறுவனத்திடம் ஒப்படைக்கும் ஏற்பாடு அதிகம். அது தவறில்லை, ஆனால் அந்த நிறுவனம் எது, அதற்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் இப்போதும் நடப்பில் உள்ளதா என்பதை எழுத்தில் பெற வேண்டும். சேலம் விமான நிலையத்தை விமானப் பயிற்சிக்கென விமான நிலைய ஆணையம் ஒதுக்கியிருப்பதால், தமிழ்நாட்டிலேயே பறந்து பழகும் வாய்ப்பையும் விசாரிக்கலாம். பயிற்சி நிறுவனங்களை 2025 முதல் டி.ஜி.சி.ஏ. தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது, விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்க்கவும்.

நேரில் சென்று பார்க்கும்போது ஓடுதளத்தையும் விடுதியையும் காட்டுவார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன, எத்தனை மாணவர்கள் வரிசையில் இருக்கிறார்கள், பயிற்றுநர்கள் எத்தனை பேர், சென்ற ஆண்டு சேர்ந்தவர் ஒரு மாதத்தில் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார். கடைசிக் கேள்விக்கான விடையை அலுவலகத்தில் கேட்பதைவிட, கேன்டீனில் உட்கார்ந்திருக்கும் சீனியர் மாணவர்களிடம் கேட்பதே மேல். கொட்டகையில் பத்து செஸ்னா ரகப் பயிற்சி விமானங்கள் நிற்கலாம். உதிரிபாகத்துக்காகக் காத்திருப்பவை போக மிஞ்சுவதுதான் கணக்கு.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், சி.பி.எல். பெற மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு விமானியாக இருக்க வேண்டும். குறைந்தது 300 கடல் மைல் தூரம் சென்று, வழியில் இரு வேறு நிலையங்களில் இறங்கி நிறுத்திவரும் ஒரு நெடும்பயணம் உண்டு. இரவில் 10 முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிய நேரமும் வேண்டும். ஃபுர்சத்கஞ்ச் வட்டாரத்தில் மார்கழி, தை மாதங்களின் மூடுபனியும், மற்ற இடங்களில் பருவமழையும் வாரக்கணக்கில் பயிற்சியை நிறுத்திவிடும். விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் 15 மணி நேரம் பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆகவே செமஸ்டர் தேர்வுக்காகப் பறத்தலை நெடுநாள் ஒத்திப்போடுபவர், மொத்த மணிநேரம் நிறைந்த பிறகும் மீண்டும் பணம் கட்டிப் பறக்க நேரிடலாம். கல்லூரி அட்டவணையில் தேர்வு மாதங்களும் நல்ல வானிலை மாதங்களும் மோதுகின்றனவா என்று முதலாண்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுத்துத் தேர்வுகளில் ஏர் நேவிகேஷன் (வழி கணித்தல்), வானிலையியல், ஏர் ரெகுலேஷன் (விமான விதிகள்), டெக்னிக்கல் (விமானத் தொழில்நுட்பம்) ஆகியவை உண்டு. ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. வானொலித் தொடர்புக்கான ஆர்.டி.ஆர். உரிமம் தனி. பெரும்பாலோர் தடுமாறுவது நேவிகேஷனில். பறக்கத் தொடங்குவதற்கு முன்பே இந்தத் தாள்களை முடித்துவிடுவது என் பார்வையில் மிகச் சிக்கனமான வழி, ஏனென்றால் எழுத்துத் தேர்வில் தோற்றால் இழப்பது தேர்வுக் கட்டணம் மட்டுமே. புரியாமல் வானில் ஏறினால் ஒவ்வொரு மணி நேரமும் ஆயிரக்கணக்கில் கரையும்.

ஒரு காலைப் பயிற்சி எப்படி இருக்கும் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. முந்தைய இரவே வழித்தடத்தைக் கணக்கிட்டு, விடியற்காலையில் வானிலை அறிக்கையைப் படித்து, விமானத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். இறக்கையின் அடியிலுள்ள வடிகாலில் சிறு கண்ணாடிக் குப்பியை அழுத்தி எரிபொருளைப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் குமிழாகத் தனித்து நிற்கும். எண்ணெய் அளவு, டயர், இறக்கையின் அசையும் பகுதிகள் என்று பட்டியல் முடிந்த பிறகே என்ஜின் இயங்கும். வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறைந்து சிறு விமானம் மேலெழத் திணறும் என்பதால், காலை நேரத்துக்குப் போட்டி அதிகம்.

பணத்தைப் பொறுத்தவரை, அரசு அகாடமியிலேயே கட்டணம் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும். உரிமம் பெற்ற பிறகு ஏர்பஸ் 320 போன்ற குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் என்னும் கூடுதல் தகுதிக்கான செலவு தனியாக வரும் என்பதைக் கல்விக் கடன் கேட்கும்போதே சேர்த்துக் கணக்கிட வேண்டும். மொத்தக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்கும் இடத்தைத் தவிர்த்து, பறந்த மணிநேரத்துக்கு ஏற்பத் தவணை கட்டும் இடத்தைத் தேடுங்கள். மருத்துவத் தகுதி பிற்காலத்தில் பறிபோனால் கைகொடுப்பது பட்டம்தான். அதற்காக மட்டுமாவது மூன்றாண்டுப் படிப்பை முழுமையாக முடிப்பது தகும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 2009-இல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு, விமான நிறுவனங்களில் துணை விமானியாகச் சேர்வதற்கும் 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் விமானப் படிப்பில் இளங்கலை முடித்து, அங்கேயே பயிற்சி பெற்றவருக்கு அது 1,000 மணி நேரமாகக் குறைகிறது. எம்ப்ரி ரிடில், வடக்கு டகோட்டா போன்ற பல்கலைக்கழகங்களுக்கு மவுசு இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் இந்தச் சலுகை அந்த நாட்டு விமான நிறுவனங்களுக்கானது. இந்தியாவுக்குத் திரும்பி வேலை தேடுபவர் அங்கே பெற்ற உரிமத்தை மாற்றிக்கொள்ள ஏர் ரெகுலேஷன் உள்ளிட்ட டி.ஜி.சி.ஏ. தேர்வுகளை எழுதியாக வேண்டும்; எனவே கம்ப்யூட்டர் எண்ணையும் இந்திய மருத்துவச் சான்றையும் விமானம் ஏறுவதற்கு முன்பே வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.