மலையூரில் காமிக்ஸ் கையெழுத்து நிகழ்வு நடத்துவது எப்படி?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ உங்கள் புதிய காமிக்ஸுக்குக் கையெழுத்து நிகழ்வு நடத்த எண்ணினால், பிரதிகள் கைக்கு வந்து சேர்ந்த பின்னரே தேதியை அறிவியுங்கள். 1972இல் முத்து காமிக்ஸ் பிறந்த சிவகாசியிலேயே அச்சடித்தாலும், மேட்டுப்பாளையத்துக்கு மேல் மண்சரிவு ஏற்பட்டால் புத்தகக் கட்டு அடிவாரத்திலேயே நின்றுவிடும். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

அறிவிப்பில் நூலின் பெயர், விலை, இடம், நேரம் ஆகியவற்றோடு, 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்குக் கேட்கப்படும் இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) பற்றியும் ஒரு வரி எழுதுங்கள்.

கையெழுத்திடும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. வழவழப்பான ஆர்ட் தாளில் மை ஊறாமல் மேலேயே நிற்கும். மூடுபனி சூழ்ந்த மாலையில் அது காய்வதற்கு இன்னும் நேரமாகும். ஆவலோடு வாங்கிய சிறுமி உடனே புத்தகத்தை மூடியதும், என் கையெழுத்து எதிர்ப்பக்கத்து நாயகனின் முகத்தில் நீலமாக அப்பிக்கொண்டதை நான் இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன். ஆகவே பெர்மனென்ட் மார்க்கரைக் கிழிந்த பிரதி ஒன்றில் முன்னதாகவே சோதித்துப் பாருங்கள். கையெழுத்திட்ட பக்கத்தின்மேல் மை உறிஞ்சும் தாள்துண்டு ஒன்றை வைத்த பிறகே புத்தகத்தைக் கொடுங்கள். வாசகரின் பெயரை முதலில் ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். யாழினியை யாளினி ஆக்கிவிட்டால் அழித்தெழுத வழியில்லை.

நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளதால், பிரதிகளைத் துணிப்பையில் இட்டுக் கொடுங்கள்.