போரில் பிடிபட்டு மூழ்கிய சரக்குக் கப்பலின் கதையைத் தேடுவது எப்படி?

முதலில் அதைப் பிடித்த போர்க்கப்பலின் பெயரைக் கண்டுபிடியுங்கள். சரக்குக் கப்பலைப் பற்றி யாரும் அதிகம் எழுதியிருக்க மாட்டார்கள். பிடித்தவரைப் பற்றி நிறைய எழுதியிருப்பார்கள்.

என் மனதுக்கு நெருக்கமான 'புரெஸ்க்' கப்பலையே எடுத்துக்கொள்வோம். 1914 செப்டம்பர் கடைசியில், சென்னை மீது குண்டு வீசிய சில நாட்களிலேயே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் பிடித்த பிரிட்டிஷ் கப்பல் அது.

கப்பல்களைப் பட்டியலிடும் ஆண்டுப் பதிவேடான லாயிட்ஸ் ரெஜிஸ்டரில், அந்த ஆண்டுக்கான தொகுதியைப் பார்த்து கொள்ளளவு (டன்னேஜ்), கட்டிய ஆண்டு, உரிமையாளர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வேறு கப்பல்களும் இருக்கும்.

அப்புறம், சரக்கு என்னவென்று பாருங்கள். பிடித்ததும் ஏன் மூழ்கடிக்கவில்லை என்பதற்கு விடை பெரும்பாலும் அங்கேதான். புரெஸ்கில் இருந்தது 6,000 டன்னுக்கும் மேலான வேல்ஸ் நிலக்கரி. ஒதுங்கத் துறைமுகமே இல்லாத எம்டனுக்கு அதை விட என்ன வேண்டும்?

கடைசி நாளுக்கு எதிர்த்தரப்பின் அறிக்கையைத் தவறாமல் படியுங்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே எம்டனை வீழ்த்திய ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, புரெஸ்கைத் துரத்திப் பிடித்தது. ஆனால் ஜெர்மானியர்கள் கப்பலை மூழ்கடிக்க, கடல்நீரை உள்ளே விடும் அடித்தள வால்வைச் சரிசெய்ய முடியாதபடி உடைத்துவிட்டிருந்தார்கள். எல்லோரையும் தன் கப்பலில் ஏற்றிக்கொண்டு, புரெஸ்க் மீது நான்கு குண்டுகள் சுட்டதாக எழுதுகிறார் சிட்னியின் கேப்டன் கிளாசப். புரெஸ்கில் இருந்தவர்களையும் அவர் எண்ணியிருக்கிறார்: ஜெர்மானியரோடு 18 சீனர்கள், ஓர் ஆங்கிலேயப் பணியாளர், ஒரு நார்வே சமையல்காரர். இந்த வரியை நான் ஒருபோதும் தாண்டிப் போவதில்லை. சிறைப்பட்ட மாலுமிகள் பல வாரங்கள் எதிரிக்காக உழைத்ததற்கான சாட்சி இது.

ஆஸ்திரேலியப் பழைய நாளிதழ்களை 'ட்ரோவ்' தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். கப்பல் பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பாருங்கள்.