வால்வு ஸ்பிரிங் கம்ப்ரஸர் வாங்குமுன் ஹெட்டைப் பாருங்கள்

வால்வு ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்பது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து வால்வைக் கழற்றவும் மாட்டவும் உதவும் கருவி. டூல்ஸ் கடையில் இதைக் கேட்டால், பெரும்பாலும் நீளமான கைப்பிடி வைத்த பெரிய லீவர் வகையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது கார் ஹெட்டுக்கானது (ஹெட் என்பது எஞ்சின் சிலிண்டரின் மேல் மூடி). பைக், ஸ்பிரேயர், ஜென்செட், பம்ப்செட் வேலைக்கு அதை வாங்கினால் பெட்டியில்தான் கிடக்கும். எந்தக் கருவி வேண்டும் என்பதை ஹெட்டே சொல்லிவிடும். கருவியே வேண்டாம் என்று சொல்கிற ஹெட்டும் உண்டு.

படி 1: லாக் எந்த வகை?

ஸ்பிரிங்கின் தலையில் ஒரு வட்டத் தட்டு உட்கார்ந்திருக்கும். அதுதான் ரிட்டெய்னர். அதை வால்வு தண்டோடு பிடித்து வைத்திருப்பது எது என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினில் தனி லாக்கே கிடையாது. ரிட்டெய்னரில் மையத்தில் ஒரு துளை, அதை ஒட்டிப் பக்கவாட்டில் சற்றுப் பெரிய துளை. தட்டை அமுக்கிப் பக்கவாட்டில் தள்ளினால் சுமார் 5.5 மி.மீ. தண்டு பெரிய துளை வழியாக நழுவி வெளியே வந்துவிடும். ஹெட்டைக் கழற்றி, வால்வு முகத்துக்குக் (எரியறைப் பக்கம் இருக்கும் அகன்ற முனை) கீழே ஒரு மரத்துண்டு வைத்து, இரண்டு கட்டை விரலால் அமுக்கினால் போதும். எக்ஸாஸ்ட் வால்வு நுனியில் ஒரு சின்னத் தொப்பி இருக்கும். அதை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், தொலைவது சுலபம். இதே அச்சில் வரும் 168எஃப் சீன எஞ்சின்களிலும் பெரும்பாலும் இந்த அமைப்புதான். உங்களிடம் இருப்பது இவை மட்டும் என்றால் கம்ப்ரஸருக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

ஸ்ப்ளெண்டர் போன்ற பைக் ஹெட்டில் கதை வேறு. தண்டைச் சுற்றி இரண்டு அரை வட்டத் துண்டுகள் ஆப்பு மாதிரி இறுகியிருக்கும், மெக்கானிக்குகள் வால்வு லாக் என்பது இதைத்தான். இதற்கு சி-கிளாம்ப் வகை கம்ப்ரஸர் வேண்டும்.

மூன்றாவது வகை, பழைய சைடு வால்வு எஞ்சின். ஹோண்டா ஜிகே200 மண்ணெண்ணெய் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள்: வால்வும் ஸ்பிரிங்கும் ஹெட்டில் இல்லை, பிளாக்கிலேயே ஒரு அறைக்குள் இருக்கும். அந்த அறைக்குள் நுழையக்கூடிய, கவட்டை போன்ற இரண்டு தாடைகள் உள்ள கம்ப்ரஸர் தனியாகக் கிடைக்கிறது. அடிக்கடி இந்த வேலை வராதவர்கள் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

படி 2: சி-கிளாம்புக்கு அளவெடுங்கள்

வெர்னியரால் ரிட்டெய்னரின் வெளி விட்டத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வால்வு முகத்திலிருந்து ரிட்டெய்னர் மேல் வரை உள்ள உயரம். கிளாம்ப் இதைவிடத் தாராளமாக விரிய வேண்டும். மூன்றாவது, வால்வின் மையத்திலிருந்து ஹெட்டின் வெளி விளிம்பு வரை உள்ள தூரம். கிளாம்பின் வயிறு அவ்வளவு ஆழம் இல்லையென்றால் ஃபின்னில் (ஹெட்டைச் சுற்றியுள்ள குளிரூட்டும் தகடு) இடித்துக்கொண்டு நிற்கும், வால்வை எட்டாது.

படி 3: கப்பைப் பார்த்து வாங்குங்கள்

விலையைவிட இதில்தான் கண் இருக்க வேண்டும். ரிட்டெய்னரை அமுக்கும் குழாய் போன்ற பகுதிதான் கப். அதன் வெளி விட்டம் ரிட்டெய்னரைவிடச் சற்றுக் குறைவாகவும், உள் விட்டம் லாக் துண்டுகள் தாராளமாக வெளியே வரும் அளவாகவும் இருக்க வேண்டும். பைக் ஹெட்டில் ஸ்பிரிங் ஒரு குழிக்குள் இருப்பதால், கப் குட்டையாக இருந்தால் குழியின் சுவர் தடுக்கும். கப்பின் பக்கவாட்டு ஜன்னல் வழியாக நோஸ் பிளேயர் நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பல அளவு கப் மாற்றிப் போடும் செட்டே ஆரம்பத்துக்கு நல்லது.

இன்னொரு சோதனை: கப்பைக் கழற்றிவிட்டுத் திருகை முழுக்க மூடுங்கள். இரண்டு முனையும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். விலகி நின்றால் அழுத்தும்போது கப் சரிந்து வழுக்கும்.

கையில் காசு குறைவா? சாதாரண சி-கிளாம்பும், சரியான விட்டத்தில் ஜன்னல் வெட்டிய தடித்த இரும்புக் குழாய்த் துண்டும் போதும். சாக்கெட் வைத்துச் சுத்தியலால் ஒரே அடியில் லாக்கைத் தெறிக்க விடும் பட்டறை முறையும் உண்டு. கழற்ற அது உதவலாம், திரும்ப மாட்ட உதவாது. தெறித்த லாக்கைத் தேடவே அரை நாள் போய்விடும்.

படி 4: கழற்றுதல்

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கிளாம்பை மாட்டிப் பாதி இறுக்கியதும், கப் பக்கத்தில் பிளாஸ்டிக் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கரி பிடித்து ஒட்டிய லாக் விடுபடும். விடுபடாமலே திருகை இறுக்கிக்கொண்டு போனால் கிளாம்ப்தான் வளையும். லாக் வெளியே வரும் அளவுக்கு மட்டும் அமுக்குங்கள், அதற்கு மேல் போனால் ஸ்பிரிங் தளர்ந்துபோகும். காந்தத்தால் லாக் இரண்டையும் எடுத்த பிறகு திருகை மெதுவாகத் தளர்த்துங்கள்.

வால்வை உடனே உருவாதீர்கள். லாக் உட்காரும் பள்ளத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டினால் மெல்லிய அரத்தால் தேய்த்த பிறகே உருவ வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிசிறு கைடை, அதாவது தண்டு ஓடும் குழாயைக் கீறிக்கொண்டே வரும். இன்லெட், எக்ஸாஸ்ட் பாகங்கள் கலந்துவிடாமல் அட்டையில் எழுதித் தனித்தனியாக வையுங்கள்.

படி 5: மாட்டுதல்

தண்டில் ஆயில் தடவி, புது ஆயில் சீல் போட்டு வால்வை ஏற்றுங்கள். ஸ்பிரிங்கின் ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருந்தால் அந்த முனை எரியறைப் பக்கம் போக வேண்டும். லாக் துண்டுகளில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் தண்டில் ஒட்டிக்கொள்ளும், விழாது. கிளாம்பைத் தளர்த்திய பின், வால்வு பெஞ்சில் இடிக்காதபடி ஹெட்டைத் தூக்கி வைத்து, தண்டின் நுனியைப் பிளாஸ்டிக் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். இரண்டு லாக்கும் ஒரே மட்டத்தில் உட்கார வேண்டும். ஒன்று மேலே நின்றால் மறுபடி கழற்றிப் போடுங்கள்.

படி 6: சீட்டிங் சோதனை

காற்றோட்டமான இடத்தில் இதைச் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. போர்ட்டில் (ஹெட்டில் வால்வுக்குப் போகும் வழி) கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிச் சில நிமிடம் விட்டு, எரியறைப் பக்கம் பாருங்கள். வால்வு விளிம்பில் ஈரம் கசிந்தால் லேப்பிங் (வால்வை அது உட்காரும் இடத்தோடு தேய்த்துப் பொருத்துவது) போதவில்லை, வால்வு பேஸ்ட் போட்டு மறுபடி தேய்க்க வேண்டும். கசியவில்லையென்றால் ஹெட்டை ஏற்றலாம். ஜிஎக்ஸ்160-ல் நான்கு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக, படிப்படியாக 24 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, எஞ்சின் குளிர்ந்த நிலையில் டேப்பெட் இடைவெளியை (வால்வு நுனிக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளி) இன்லெட்டுக்கு 0.15, எக்ஸாஸ்டுக்கு 0.20 மி.மீ. என்று வையுங்கள்.