போஸ்ட்கிரஸ் வியூவில் புது நெடுவரிசை வராததற்குத் தீர்வு

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் டேபிளில் புது நெடுவரிசை சேர்த்தேன், ஆனால் அந்த டேபிளின் மேல் எழுதிய வியூவில் (டேபிள் போலப் படிக்கக்கூடிய, சேமித்துவைத்த வினவல்) அது வரவில்லை. முதலில் எந்த சர்வரோடு பேசுகிறோம் என்று பார்க்கணும். உபுண்டுவில் போஸ்ட்கிரஸின் பழைய பதிப்பு 5432 போர்ட்டில் (சர்வரோடு இணையும் எண்) இருக்கும்போது புதியதை நிறுவினால், அது சத்தமில்லாமல் 5433-க்குப் போய்விடும். 'பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்' கட்டளை இரண்டையும் காட்டும். எனக்குப் போர்ட் சரியாகவே இருந்தது, சிக்கல் வியூவில்.

எல்லா நெடுவரிசைகளும் வேண்டும் என்று 'செலக்ட் *' எழுதினாலும், வியூவை உருவாக்கும்போதே நட்சத்திரம் அன்றைய நெடுவரிசைப் பெயர்களாக விரிந்து அப்படியே பதிவாகிவிடுகிறது. பிறகு டேபிளில் சேர்ப்பது அதில் எட்டாது. இருக்கும் வியூவை மாற்றி எழுதும் 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ் வியூ' கட்டளை, புது நெடுவரிசையைக் கடைசியில் சேர்க்க மட்டுமே விடும். என் வியூவில் நட்சத்திரத்துக்குப் பின்னால் கூட்டுத்தொகை ஒன்று இருந்ததால், புது நெடுவரிசை நடுவில் நுழைந்து பிழை வந்தது. பெயர்களை வரிசையாக எழுதி, புதியதைக் கடைசியில் வைத்ததும் சரியானது.

வியூ பயன்படுத்தும் நெடுவரிசையின் வகையை மாற்ற போஸ்ட்கிரஸ் விடவே விடாது, வார்கேர் 20-ஐ (20 எழுத்து வரை கொள்ளும் வகை) 50 ஆக்கக்கூட. பிகின், டிராப் வியூ, ஆல்டர் டேபிள், கிரியேட் வியூ, கமிட் என ஒரே டிரான்சாக்‌ஷனில் (எல்லாம் சேர்ந்து நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது) முடிக்கலாம். கமிட்டுக்கு முன், அனுமதி தரும் கிராண்ட் கட்டளையையும் மறுபடி கொடுங்கள். டிராப்போடு பழைய அனுமதிகளும் போய்விடும். அவசரத்தில் டிராப்போடு கேஸ்கேட் போட்டால், இந்த வியூவை நம்பியிருக்கும் மற்ற வியூக்களும் சேர்ந்து அழியும்.