எயார்பேக் விளக்கு அணையவில்லையா?

சாவியைத் திருப்பியதும் எரியும் எயார்பேக் விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டாலும் கார் ஓடும்தான். ஆனால் மோதும்போது எயார்பேக் விரியாமல் போகலாம்.

திருகோணமலைக் கடலோரத்து உப்புவெளி, நிலாவெளிப் பக்கமிருந்து என் கராஜுக்கு வருகிற கார்களில் நான் முதலில் குனிந்து பார்ப்பது முன் சீற்றின் அடியைத்தான். அங்கே எயார்பேக் வயர்களை இணைக்கிற மஞ்சள் நிற கனெக்டர் இருக்கும். சீற்றை முன்பின் தள்ளித் தள்ளி அது தளர்ந்திருக்கும். உப்புக்காற்றில் முனைகளில் பச்சை பிடித்திருக்கும். கை வைக்குமுன் சாவியை எடுத்து, பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் பொறுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிய வேண்டும். அப்புறம் சுத்தம் செய்து, க்ளிக் என்று கேட்கப் பூட்டுங்கள். எயார்பேக்கில் மட்டும் மின்சாரம் அளக்கிற மல்டிமீட்டரை வைக்கவே கூடாது, வெடிக்கலாம்.

ஹோர்னும் அடிக்கவில்லையா? ஸ்டியரிங்குக்குள் உள்ள சுருள் கேபிள் அறுந்திருக்கலாம். சரி, அது உங்கள் வேலையில்லை. எயார்பேக் கோளாறைப் படிக்கிற ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள். மலிவானவை பலவும் எஞ்சினை மட்டுமே படிக்கும். பல்பைக் கழற்றி விளக்கை அணைத்துத் தருகிறேன் என்பவரிடம் காரை விடாதீர்கள்.

பழைய ஜப்பான் கார் என்றால் சேசிஸ் நம்பரைக் கொடுத்து, டகாட்டா கம்பனியின் பழுதான எயார்பேக்குகளைத் திரும்பப் பெறும் பட்டியலில் உள்ளதா என்று விசாரியுங்கள். வெக்கையிலும் ஈரத்திலும் அந்த எயார்பேக்கை விரிக்கிற வெடிமருந்து கெட்டுப்போகும். அதற்கு விளக்கு எரியாது.